பின்னல் வரியும் தொடர்வரியும்: வீட்டு வீடியோக்களைப் படத்தட்டில் பதிவு செய்யும் முறை

(கோலார் தங்கவயல், மாரிகுப்பத்தில் ஒளிப்பதிவுத் தொழிலாளர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற அரசு அலுவலர் ஒருவர் தொலைக்காட்சிப் படத்தின் வரிகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். குறைவாக உள்ள வளத்தை எவ்வாறு பங்கிட்டுக் கொள்வது என்பதே பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்வியாகும். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளும் அக்கேள்விக்கு விடை தேடியபோது பிறந்ததேயாகும். ஆதலின், இப்பொருள் எனக்கு முற்றிலும் அயலானது என்று சொல்வதற்கில்லை.

இவ்வூரின் வரலாறு உங்களுக்குத் தெரியாததன்று. 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிற்று. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

வீடியோ கேசட்டு நம் நாட்டு இல்லங்களுக்கு வந்தது 1980-களில். அது செல்வாக்கிழந்தது 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில். அதாவது, சுரங்கத்தின் இறுதி இருபது ஆண்டுகளும் கேசட்டின் ஆட்சிக்காலமும் ஏறக்குறைய ஒன்றேயாகும். இங்குள்ள லைன் வீடுகளின் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் கிடக்கும் கல்யாண கேசட்டுகள், திருவிழாக் கேசட்டுகள், கால்பந்தாட்டக் கேசட்டுகள், பணி ஓய்வு விழாக் கேசட்டுகள் ஆகியவற்றில் மணமக்கள் மட்டும் இருப்பதில்லை. பின்னணியில் தெருவும், சுரங்கக் கோபுரமும், இன்று உயிரோடில்லாத பலரும் இருக்கின்றனர். சுரங்கம் மூடிய பின்னர்க் குடும்பங்கள் பல ஊர்களுக்குச் சென்றுவிட்டன. எஞ்சியோரில் பலர் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். இந்நிலையில் இக்கேசட்டுகள் ஒரு சமுதாயத்தின் ஆவணங்களாகும் என்பதில் ஐயமில்லை.

காலக்கெடு

இவ்வாவணங்கள் நெடுநாள் நிலைத்திருக்கக் கூடியவை அல்ல. காந்த நாடாவின் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் கெடுகிறது, பூஞ்சை பிடிக்கிறது. இயக்கும் கருவியும் மறைந்து வருகிறது. வீடியோ கேசட்டுக் கருவியை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. யுனெஸ்கோவின் ‘அனைவருக்கும் தகவல்’ திட்டம் 2019-ல் காந்த நாடா குறித்த எச்சரிக்கை முயற்சி ஒன்றைத் தொடங்கியது. 2025-ஐ ஒட்டி நாடாப் பதிவுகளை இயக்கிப் பார்ப்பதே அரிதாகிவிடும் என்று அது உலகுக்கு உணர்த்திற்று.

ஆகவே, கேசட்டுகளை டி.வி.டி. தட்டுக்கு மாற்றும் தொழிலுக்கு இன்று தேவை இருக்கிறது. அத்தொழிலை இவ்வூர் இளைஞர்கள் சிலர் மேற்கொண்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் மாற்றும்போது செய்யப்படும் ஒரு தேர்வு, கேசட்டில் உள்ள காட்சியில் பாதியைக் காப்பாற்றவும் கூடும், அழித்துவிடவும் கூடும். பின்னல் வரியா, தொடர்வரியா என்பதே அத்தேர்வு. தொழிலில் இவற்றை இன்டர்லேஸ், புரோகிரசிவ் என்பார்கள்.

பின்னல் வரி பிறந்த வரலாறு

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. திரையில் ஒளி நொடிக்கு 24 முறை மட்டும் மின்னினால் கண் கூசும். ஆதலின் ஒவ்வொரு பிரேமையும் இரு முறை காட்டி, 48 முறை மின்னச் செய்கிறார்கள். தொலைக்காட்சி தோன்றியபோது இதே சிக்கல் எழுந்தது. நொடிக்கு 25 படங்களை மட்டும் காட்டினால் திரை துடிக்கிறது. 50 முழுப் படங்களை அனுப்பினால் துடிப்பு நீங்கும். ஆனால் அலைவரிசையில் இரு மடங்கு இடம் வேண்டும். அலைவரிசையோ எந்நாட்டிலும் அளவோடு கிடைக்கும் பொதுச் சொத்து.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளை முதலில் அனுப்புவது; நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகளை அனுப்புவது. இரண்டும் சீப்பின் பற்களைப் போல் ஒன்றனுள் ஒன்று பொருந்தித் திரையை நிரப்பும். ஒவ்வொரு பாதியும் ஃபீல்டு எனப்படும். நொடிக்கு 50 ஃபீல்டுகள். அவை சேர்ந்து 25 பிரேம்கள். கண்ணுக்கு 50 முறை மின்னுகிறது. அலைவரிசையில் 25 முழுப் படங்களுக்குரிய இடமே செலவாகிறது.

இவ்விரு முறைகளும் நேருக்கு நேர் போட்டியிட்ட நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் உண்டு. 1936 நவம்பரில் லண்டனில் பி.பி.சி. தனது தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது, பேர்டு நிறுவனத்தின் 240 வரித் தொடர்வரி முறையும், மார்க்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரிப் பின்னல் முறையும் மாறி மாறி ஒளிபரப்பப்பட்டன. சில திங்களிலேயே முடிவு தெரிந்துவிட்டது. 1937-ன் தொடக்கத்தில் பேர்டு முறை கைவிடப்பட்டது. பின்னல் வரியே அரை நூற்றாண்டுக்கு மேல் உலகை ஆண்டது.

நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியது. கர்நாடகமும் அவற்றுள் ஒன்று. 1982-ல் வண்ண ஒளிபரப்பு வந்தது. நாம் ஏற்ற முறையில் படத்துக்கு 625 வரிகள். அவற்றுள் 576 வரிகளே திரையில் காட்சியாகத் தெரிபவை. நொடிக்கு 50 ஃபீல்டுகள். படத்துக்கு ஒதுக்கப்பட்ட அலை அகலம் 5 மெகாஹெர்ட்ஸ். பின்னல் இல்லாமல் அதே தெளிவை 50 முழுப் படங்களாக அனுப்பியிருந்தால் ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டிருக்கும். நிலையங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்க நேர்ந்திருக்கும்.

கேசட்டும் இதே முறையைப் பின்பற்றிற்று. வி.எச்.எஸ். கருவியினுள் உள்ள உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அதில் பொருத்திய இரண்டு தலைகளில் ஒவ்வொன்றும் ஒரு ஃபீல்டை நாடாவில் எழுதுகிறது. எனவே உங்கள் கேசட்டில் உள்ளவை, நொடிக்கு ஐம்பதாக வரிசையில் நிற்கும் அரைப் படங்களே. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணத்தில் எடுக்கப்பட்டது.

சீப்புப் பற்களின் தோற்றம்

இதைக் கணிப்பொறித் திரையில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் பலர் திகைக்கின்றனர். கால்பந்தாட்டக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் பந்து, ஒரு ஃபீல்டுக்கும் அடுத்த ஃபீல்டுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. இரண்டு ஃபீல்டுகளையும் ஒரே பிரேமாகச் சேர்த்து நிறுத்தினால், ஒற்றை வரிகளில் பந்து ஓரிடத்திலும் இரட்டை வரிகளில் 40 சென்டிமீட்டர் தள்ளியும் தெரியும். ஓரங்கள் சீப்புப் பற்களைப் போல் கிழிந்து காணும்.

இதைக் கண்டவுடன், பதிவில் பழுது இருப்பதாக எண்ணி, அதனை நீக்கும் கட்டளையை அழுத்திவிடுகின்றனர். உண்மையில் அது பழுதன்று. இரண்டு கணங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன என்பதற்குச் சான்று. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் அது தெரிவதில்லை. ஏனெனில் அப்பெட்டி ஃபீல்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டுகிறது. இன்றைய தட்டைத் திரைகள் தொடர்வரியில் இயங்குபவை. அவை பின்னல் காட்சியைப் பெற்றதும், உள்ளேயுள்ள சுற்றின் உதவியால் தாமே பின்னலைப் பிரித்துக் காட்டுகின்றன.

பின்னலைப் பிரிக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, ஒரு ஃபீல்டை எறிந்துவிட்டு மற்றதை நீட்டி நிரப்புவது. இதில் வரிகளில் பாதியும் இயக்கத்தில் பாதியும் போய்விடுகின்றன. இரண்டாவது, இரண்டையும் கலந்துவிடுவது. இதில் ஓடுகிறவருக்கு இரட்டை நிழல் தோன்றுகிறது. மூன்றாவது, ஒவ்வொரு ஃபீல்டையும் அண்டை ஃபீல்டுகளின் துணைகொண்டு முழுப் படமாக்கி, நொடிக்கு 50 முழுப் பிரேம்களை உருவாக்குவது. இதுவே சிறந்தது. ஆனால் டி.வி.டி. தட்டின் தர வரையறை நொடிக்கு 50 முழுப் பிரேம்களை ஏற்பதில்லை. அது ஏற்பது 25 பிரேம்கள். அல்லது 50 ஃபீல்டுகள் பின்னிய 25 பிரேம்கள்.

இதிலிருந்து பெறப்படும் விதி தெளிவானது. கேசட்டிலிருந்து டி.வி.டி. தட்டுக்கு மாற்றும்போது பின்னலைப் பிரிக்கக் கூடாது. பின்னலாக இருப்பதைப் பின்னலாகவே குறியாக்கம் செய்தல் வேண்டும். தட்டில் பயன்படும் எம்பெக்-2 முறை இதற்கென்றே ஏற்பாடு பெற்றுள்ளது. படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும், பிரேமாகக் கொள்வதா, ஃபீல்டாகக் கொள்வதா என்று அது தேர்ந்தெடுத்துக் கொள்ளும். பின்னல் காட்சியைத் தொடர்வரி என்று தவறாகக் குறித்துக் கொடுத்தால், சீப்புப் பற்களை எழுதுவதிலேயே பிட்டுகள் வீணாகும். நிறங்களும் வரி மாறி ஓரங்களில் கசியும்.

மறுபக்கமும் உண்டு

எல்லாவற்றையும் பின்னலாக்குக என்று நான் கூறுவதாகக் கொள்ளவேண்டா. மூலம் எதுவோ அதன் வழியே செல்லவேண்டும் என்பதே கருத்து. பிலிமில் எடுக்கப்பட்ட காட்சியில் இரண்டு ஃபீல்டுகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. நம் தொலைக்காட்சி முறையில் 24 பிரேம் திரைப்படத்தை 25 பிரேமாகச் சற்று விரைந்து ஓட்டுகிறார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிகிறது. இத்தகைய காட்சியைத் தொடர்வரியாகக் குறிப்பதே முறை. அண்மைக் காலக் கைப்பேசிகளில் எடுப்பவையும் தொடர்வரியே. அமெரிக்காவிலுள்ள உறவினர் அனுப்பிய பழைய கேசட்டு 525 வரி, 60 ஃபீல்டு முறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதை நம் முறைக்கு மாற்ற முயலாமல், அதன் முறையிலேயே 480 வரித் தட்டாகச் செய்வது நன்று.

மூலம் எது என்பதை அறிய ஓர் எளிய சோதனை போதும். குறுக்கே ஒருவர் நடந்து செல்லும் இடத்தை, ஃபீல்டு ஃபீல்டாக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு ஃபீல்டிலும் அவர் நகர்ந்தால் அது பின்னல். இரண்டுக்கு ஒரு முறை மட்டும் நகர்ந்தால் அது தொடர்வரி.

ஃபீல்டுகளின் வரிசை

பின்னலைக் காப்பதோடு, எந்த ஃபீல்டு முந்தியது என்பதையும் காத்தல் வேண்டும். டிஜிட்டல் டி.வி. கேமரா நாடாக்களில், அதாவது மினி டி.வி. கேசட்டுகளில், கீழ் ஃபீல்டு முதலில் வரும். கேசட்டுக் கருவியைக் கணிப்பொறியோடு இணைக்கும் அட்டைகள் பலவற்றில் மேல் ஃபீல்டு முதலில் வரும். தட்டு இரண்டையும் ஏற்கும். ஆனால் உண்மையைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். மாற்றிச் சொன்னால் 1, 2, 3, 4 என்று வரவேண்டிய கணங்கள் 2, 1, 4, 3 என்று வரும். நடப்பவர் முன்னே ஓரடி, பின்னே ஓரடி என்று துள்ளுவார்.

இதனோடு தொடர்புடைய இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். படத்தை ஒரு வரி மேலோ கீழோ நகர்த்தினால் ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிடும். நகர்த்த நேர்ந்தால் இரட்டைப்படை எண்ணில் நகர்த்துக. கேசட்டுப் படத்தின் அடியில் தலைகள் மாறும் இடத்தில் சில வரிகள் கலங்கித் தெரியும்; அதை வெட்டிவிட்டு எஞ்சியதை மேலும் கீழும் இழுத்து நிரப்பினால், பின்னிய வரிகள் ஒன்றோடொன்று குழம்பிப் பின்னர்ப் பிரிக்கவே இயலாதவை ஆகிவிடும். அவ்வரிகளைக் கறுப்பால் மூடுவதே போதுமானது.

எதில் சிக்கனம்?

இனி, என் துறைக்கு வருகிறேன். ஒரு தட்டின் கொள்ளளவு 470 கோடி பைட்டு. அதாவது 3,760 கோடி பிட்டு. ஒரு மணி நேரக் காட்சியை எழுதினால் நொடிக்கு ஒரு கோடிக்கு மேல் கிடைக்கும். ஆனால் தட்டின் விதிப்படி படத்துக்கு 98 லட்சமே உச்ச வரம்பு. இரண்டு மணி நேரத்தை எழுதினால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 52 லட்சம். கல்யாண கேசட்டு வழக்கமாக மூன்று மணி நேரம். நொடிக்கு 35 லட்சமே கிடைக்கும். இங்கேதான் பற்றாக்குறை தலைகாட்டுகிறது. எதைக் குறைப்பது?

பலர் ஃபீல்டைக் குறைக்கின்றனர். இது தவறான இடத்தில் செய்யும் சிக்கனம். வி.எச்.எஸ். நாடாவில் செங்குத்தாக 576 வரிகளும் உண்டு. கணத்துக்குக் கணம் இயக்கமும் உண்டு. ஆனால் அகலவாக்கில் அதன் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகளே. ஆகவே 720-க்கு 576 புள்ளிகள் என்னும் முழு அளவுக்குப் பதிலாக, தட்டின் விதிகள் அனுமதிக்கும் 352-க்கு 576 என்னும் அளவைக் கொள்ளலாம். புள்ளிகள் 4,14,720-லிருந்து 2,02,752 ஆகக் குறைகின்றன; ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பிட்டு இரு மடங்காகிறது. நாடாவில் இல்லாத அகலத் தெளிவைக் கைவிட்டு, நாடாவில் உள்ள இயக்கத்தைக் காப்பாற்றுகிறோம். அல்லது, மூன்று மணி நேரத்தை இரண்டு தட்டுகளில் எழுதலாம். தட்டின் விலையை மூன்று மணி நேர உழைப்பின் விலையோடு ஒப்பிட்டால், இரண்டாவது தட்டு ஒரு பெருஞ்செலவாகாது.

முன்னர்ப் பரவியிருந்த வி.சி.டி. தட்டில் இத்தேர்வுக்கே இடமில்லை. அதன் அளவு 352-க்கு 288. நொடிக்கு 25 பிரேம். ஒவ்வொரு வி.சி.டி.யும் ஒரு ஃபீல்டை எறிந்துவிட்டே உருவானது. அன்று வி.சி.டி.க்கு மாற்றிக்கொண்டு கேசட்டைக் குப்பையில் போட்ட குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது பாதியே. கேசட்டை வைத்திருப்பவர்கள் இன்றும் முழுவதையும் பெறலாம். எனவே வாடிக்கையாளர்களிடம், தட்டு வந்துவிட்டது, கேசட்டை எறியலாம் என்று தயவுசெய்து கூறாதீர்கள்.

இவ்வூர் மக்களுக்கு இக்கருத்தை விளக்க நான் வெளியூர் உவமை தேடவேண்டியதில்லை. அதோ நிற்கும் சயனைடு மேடுகளைப் பாருங்கள். பொன் எடுத்தபின் ஒதுக்கிய மண்ணே அவை. அன்றைய முறையால் பிரிக்க இயலாத பொன் துகள் அவற்றில் இன்னும் தங்கியிருக்கிறது. பிற்காலத்து முறைகளால் அதை எடுக்கலாம் என்ற பேச்சு மீண்டும் மீண்டும் எழுகிறது. மண் இங்கேயே கிடப்பதால்தான் அப்பேச்சுக்கு இடமுண்டு. ஆற்றோடு போயிருந்தால் இல்லை. பின்னலைப் பிரிக்கும் கலையும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து வருகிறது. இரு ஃபீல்டுகளையும் காத்து வைத்தால், வருங்காலக் கருவி இன்றையதைவிட நன்றாகப் பிரித்துத் தரும். இன்றே பிரித்து, ஒன்றை எறிந்துவிட்டால், எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. மீட்க இயலாத முடிவை இயன்றவரை தள்ளிப்போடுவது பொருளாதாரத்திலும் நல்ல நெறியே.

செய்யவேண்டியவை

இத்தொழிலில் ஈடுபடும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்கள் இவை. கேசட்டை ஒரு முறை ஓட்டும்போதே, பின்னல் கெடாத உயர்தரக் கோப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டி.வி. முறையில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட்டு ஆகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 39. ஒரு டெராபைட்டு வன்தட்டில் இருபத்தைந்து கேசட்டுகள் அடங்கும். அதுவே மூலப் பிரதி. அதிலிருந்து பெரியவர்கள் பார்க்கத் தட்டு. பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்க, பின்னல் பிரித்த 50 பிரேம் பிரதி. எழுதக்கூடிய தட்டின் சாயப் பூச்சும் காலப்போக்கில் மங்குவதே. ஆகவே மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். தட்டை வாடிக்கையாளரிடம் கொடுக்குமுன், கணிப்பொறியில் மட்டும் பாராமல், தொலைக்காட்சிப் பெட்டியில் ஓட்டிப் பாருங்கள்.

தொடக்க முதலீட்டுக்கு அஞ்சவேண்டியதில்லை. பழைய கேசட்டுக் கருவி, இணைப்பு அட்டை, கணிப்பொறி, வன்தட்டு ஆகியவையே முதன்மைச் சாதனங்கள். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் ரூ. 50,000 வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. கருவியைப் பழுது பார்க்கத் தெரிந்த மூத்த தொழிலாளர்கள் உங்கள் நடுவே இருப்பின், அத்திறனையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். கருவி நின்றுவிட்டால் தொழிலும் நின்றுவிடும்.

நம் நாட்டில் 1964-ல் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. திரைப்படங்களைக் காப்பது அதன் பணி. ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் திருமணத்தைக் காக்கும் காப்பகம், அந்த வீட்டு அலமாரியே. அங்கிருந்து அதை வெளியே கொணர்ந்து, குறைவின்றி அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் பொறுப்பு, இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் கையில் உள்ளது. நூலகங்களும் பள்ளிகளும் தொழிலாளர் சங்கங்களும் முன்வந்து, உரியவர்களின் இசைவோடு ஊர்ப் பொதுநிகழ்ச்சிகளின் பிரதிகளைச் சேர்த்து வைக்குமாயின், தங்கவயல் தன் வரலாற்றைத் தானே காத்துக்கொண்டதாகும்.

நிலத்தடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பாறையின் துகளையும் வீணாக்காமல் எடுத்துப் பழகிய ஊர் இது. ஒரு வரியையும் வீணாக்காமல் படத்தை எடுத்து வைப்பது இவ்வூராருக்கு அரிய செயலாகாது.